மாமாவுக்கு வைத்த ரசம்

எந்த மருமகனும் மாமனாருக்குச் செய்யாத சேவையை நான் செய்வதென்று முடிவெடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மாமா எமிலியானுஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சமையல் என் மனைவி ஜெனிஸ்ரா. உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்து வாழையடியில் ஊற்றிவிட்டு, உப்பில்லாமல் கறி வைப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. சத்தெல்லாம் வாழையடிக்கு, சக்கை மனுசனுக்கா?

ஏன் ஊற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாதி விளக்கிய அன்று, நான் எதிர்க்கடையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தாரும், நான் ஊத்திறன்" என்றேன்.

"நீங்களோ? சுகமில்லையோ?"

"உமக்கு உதவி செய்தாலும் பிழையோ?"

பானையோடு கொல்லைக்குப் போனேன். அந்தத் தண்ணீரில் மிளகு, உள்ளி, சீரகம் தட்டிப்போட்டு ரசமாக்கி, மாமாவிடம் கொடுத்தேன்.

"ஜெனிஸ்ராவுக்குச் சொல்லாதேங்கோ மாமா. உடம்பு தேறும்."

"வையும் தம்பி, ஆறட்டும்" என்றார் மாமா.

நாலு நாள் வைத்தேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியால் வந்ததும் மாமா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஜெனிஸ்ரா கதிரையில் பொத்தென்று இருந்தாள்.

"அப்பாவுக்குப் பொட்டாசியம் ஏறினா நெஞ்சே நிண்டுபோமாம்."

"பொட்டாசியமோ? அது வயலுக்குப் போடுறதெல்லோ?"

"கிழங்கிலயும் இருக்குதாம். அவிச்ச தண்ணியில இறங்கிடுமாம். அதுக்குத்தான் ஊத்திறது."

பாசத்தில் மனுசனைக் கொல்லப் பார்த்திருக்கிறேனே!

"நான்தான் குடுத்தனான், ஜெனிஸ்ரா! நாலு நாளும் நான்தான்!" சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அறைக்குள்ளிருந்து மாமா கூப்பிட்டார். "அழாதையும் தம்பி. நான் ஒரு சொட்டும் வாயில வைக்கேல்ல. உம்மட மனம் நோகுமெண்டு வாங்கி வாங்கிப் பிள்ளையிட்டக் குடுத்திட்டன்."

நான் மனைவியைப் பார்த்தேன். "அப்ப உமக்கு முதலே தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். நீங்களாச் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப பொட்டாசியம்?"

"அப்பாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ரசத்தையெல்லாம் எங்க ஊத்தினனீர்?" என்று கேட்டேன்.

"நாலு நாளும் மத்தியானம் கேட்டுக் கேட்டுச் சோத்துக்கு விட்டனீங்களே, அது என்னெண்டு நினைச்சனீங்கள்?"