சிங்கராயர் சுட்ட ரொட்டி

இந்த வருஷமும் இருதயமேரியை ஊருக்கு அனுப்புவதில்லை என்று சிங்கராயர் தீர்மானித்திருந்தார். தீர்மானம் அவருடையது. காரணமும் அவருடையதே.

"நீ போயிட்டா எனக்கு யாரு பொங்கிப் போடுவா?"

தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நெருங்கும்போதெல்லாம் மாட்டுங்கா லேபர் கேம்ப் வீட்டில் இந்தக் கேள்வி எழும். பதிலே இல்லாத கேள்வி என்பதால் சிங்கராயருக்கு அதன் மேல் தனிப் பிரியம். இருதயமேரி அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். மனைவி வாயைத் திறக்காவிட்டால் புருஷன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிங்கராயர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. யோசிப்பதையெல்லாம் அங்கேயே முடித்துவிட்டு வருகிறவர்.

ஆபீஸில் இவருக்கு மேலதிகாரி ஏசுதாஸ். குடும்பத்துக்கு ரயில் பாஸ் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அவரும் அவர் சம்சாரமும் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து, வெறும் வயிற்றோடு நேராகச் சிங்கராயர் வீட்டுக்குக் காலைப் பலகாரத்துக்கு வருவதாக ஏற்பாடு.

"இட்லி அவிச்சிருதேன்" என்றாள் இருதயமேரி.

"இட்லியா? கிங்ஸ் சர்க்கிள்ல குடியிருக்க மனுசன் இட்லியப் பாத்ததில்லையா? பிரெஞ்ச் டோஸ்ட் செய்யணும்."

"அது என்னது?"

"ரொட்டிய மொத நாள் சாயங்காலமே பால்லயும் முட்டையிலயும் ஊறப் போடணும். விடிஞ்சதும் பேக்கரி அடுப்புல வச்சு எடுக்கணும். கேன்டீன்ல கோவாக்காரன் சொல்லித் தந்தான்."

"துரைமாரு சமையல் எனக்கு வராது. ஒங்களுக்கும் வராது."

"யாரு சொன்னா?"

"இதுக்கு ஒருத்தர் சொல்லணுமாக்கும்?"

சிங்கராயருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே செய்யுதேன். நீ பக்கத்துல வரப்படாது."

இருதயமேரி தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையும் அழுக்காயின. முட்டை பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி சட்டையில். கடைசியில் ரொட்டித் துண்டுகள் தட்டில் வரிசையாக ஊறின. பூனைக்குப் பயந்து மூடிவைத்து, மூடியின் மேல் அம்மிக் குழவியையும் வைத்துவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் மழை. குடையைத் தட்டுக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டே ஷேக் பரீத் பேக்கரிக்குப் போனார். கேம்ப்பில் எவர் வீட்டிலும் கேக் அடுப்பு கிடையாது. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லார் தட்டும் அங்கேதான் போகும். பாவ் ரொட்டி வெந்து இறங்கிய பின், அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் வேகும். ஷேக் பரீத் நீளத் துடுப்பால் தட்டை உள்ளே தள்ளினார்.

"சீனி கணக்காப் போட்டீங்களா அண்ணாச்சி?"

சிங்கராயர் சட்டென்று அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் சீனிப் பொட்டலம் கட்டுப் பிரிக்காமல் வீட்டில் கிடந்த காட்சி கண்ணில் நின்றது.

"வெளிய எடுங்க பாய்!"

"எடுத்தா அமுங்கிப் போவும். மாதாவ வேண்டிக்கிட்டு நில்லுங்க."

பெரிய வெள்ளிக்கிழமை முகத்தோடு அவர் வீடு திரும்பியபோது விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏசுதாஸ் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். சிங்கராயரும் மூடிக்கொண்டார்.

"பிரமாதம்!"

"தித்திப்பு என்ன கச்சிதம்!" என்றார் திருமதி ஏசுதாஸ். "எப்படிம்மா பண்ணினே?"

சிங்கராயர் அவசரமாக ஒரு துண்டைக் கடித்தார். இனித்தது. மனைவியைப் பார்த்தார். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க செஞ்சேன், அக்கா? எல்லாம் அவுகதான்."

அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். "ஊறப் போட்டது, சுட்டது, சீனி அளவு, எல்லாம் என் கைதான் சார். இவ தொடவே இல்ல. சமையல் என்ன பெரிய வித்தையா? மீன் கொழம்போ சோறோ, எதுன்னாலும் ஒரு கை பாத்துருவேன்."

இருதயமேரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதான் சார் எனக்கும் நிம்மதி. நான் திருவிழாவுக்குப் போனா இவுகளுக்கு யாரு பொங்கிப் போடுவான்னு இத்தன வருசமும் போகாமலே இருந்துட்டேன். இனி அப்படியே எங்கம்மா வீட்டுல ரெண்டு மாசம் இருந்துட்டு வரலாம்லா?"

"தாராளமா!" என்றார் ஏசுதாஸ். "சிங்கராயர், நாளைக்கே பாஸுக்கு எழுதிக் கொடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

"சார், அது வந்து… அந்தச் சீனி…"

"சீனிக்கு என்ன? அளவாத்தானே இருக்கு?"

"நீங்க தனியா இருக்கோம்னு கவலைப்படாதீங்க" என்றார் திருமதி ஏசுதாஸ். "ஞாயித்துக்கிழமையானா நாங்க சாப்பிட இங்கேயே வந்துடறோம்."

அவர்கள் போன கையோடு இருதயமேரி கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். சிங்கராயர் வாசலிலேயே நின்றார்.

"ஏ மேரி, உண்மையச் சொல்லு. அந்தச் சீனிய நீதான போட்ட?"

"நானா?" அவள் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் தொடவே இல்லன்னு நீங்கதான சொன்னீக?"