தூக்க டாக்டருக்குப் பெண் தர இயலாமை குறித்து

மரியாதைக்குரிய மச்சான் குழந்தைசாமி அவர்கள் சமூகத்துக்கு, ஆனைமலையிலிருந்து தங்கள் தங்கை புருஷன் அங்கப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. மாசாணியம்மன் கருணையில் நானும் பழனாத்தாளும் மகள் அக்ஷயாவும் கறவை மாடுகள் இரண்டும் சுகம். தாராபுரத்தில் அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுதவும். போனில் பேசினால் பழனாத்தாள் காதில் விழும், அதனால்தான் கடிதம். காலை ஆறு மணிக்குத் தேங்காய் லோடு ஏற்றிவரும் டிரைவர் பிரான்சிஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம், அந்தக் கோயமுத்தூர் டாக்டர் நிதீஷ், நமக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை அவர்கள் பதில் கேட்டு வரும்போது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அக்ஷயாவைக் கேட்டால், "ரெண்டு தடவ பேசினனுங்கப்பா, நல்லவருதான்" என்கிறாள். அவள் ஆசைப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளை எந்த டாக்டர் என்று பங்காளிகள் கேட்டால் கண் என்றோ எலும்பு என்றோ சொல்லலாம். தூக்கம் என்று எப்படிச் சொல்வது? படுத்தால் தானாக வருவதற்கு ஒரு படிப்பா?

சரி, விசாரிக்காமல் பேசக்கூடாதென்று, ஆறுச்சாமி என்று பேரை மாற்றிச் சொல்லி நோயாளியாகவே அவருடைய கிளினிக்குக்குப் போனேன். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி உள்ளே நுழைந்தால், சுவரில் நான்கு டாக்டர்களின் படமும் படிப்பும் பொழுதுபோக்கும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஒருவர் காது மூக்கு தொண்டை படித்தவர், ஓய்வில் வீணை வாசிக்கிறார். ஒருவர் மனநல மருத்துவர், பறவை பார்க்கிறார். ஓர் அம்மணி நரம்பு மருத்துவம் படித்துவிட்டுக் கேக் சுடுகிறார். நம் நிதீஷ் நெஞ்சு நோய் படித்தவர், நெடுந்தூரம் ஓடுகிறாராம். தினமும் நாலரை மணிக்கு எழுந்து பேரூர் வரை ஓடி, அங்கே ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி ஓடிவருகிறார். தூங்குவது பிடிக்கும் என்று நான்கு பேரில் ஒருவர்கூட எழுதவில்லை, மச்சான்.

எதற்கு இந்தப் படிப்பு என்று அவரையே கேட்டேன். "எங்கப்பா பட்டறைல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வண்டில வாறப்ப கண்ணசந்து சூலூர்கிட்ட விழுந்து கால ஒடச்சுக்கிட்டாருங்க. அப்ப எனக்குப் பத்து வயசு" என்றார். அது வருத்தமான விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்து, ஒரு ராத்திரி இங்கேயே படுத்துத் தூங்குங்கள் என்றார். மறுத்தால் வேஷம் கலைந்துவிடுமே. மோகனப்பிரியா என்ற நர்ஸ் தலையெல்லாம் ஒயர் ஒட்டிவிட்டு, "இனி சாதாரணமா தூங்குங்க சார்" என்றது. புரண்டால் ஒரு ஒயர் கழன்றது, இருமினால் இன்னொன்று. விடிந்ததும் நிதீஷ் வந்து, "காப்பி குடிக்கறீங்களா மாமா?" என்றார். பேரை மாற்றிய நான் போன் நம்பரை மாற்றவில்லை. ஜாதகம் அனுப்பியது அதே நம்பரிலிருந்துதான். வெட்கத்தில் காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன்.

அதோடு விட்டாரா? எனக்கு மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். அறுபத்திரண்டு வருடமாக நின்று நின்றா இவ்வளவு தூரம் வந்தேன்? என் தூக்கம் கெடுவதற்குக் காரணம் தங்கள் தங்கை. பதினொரு வருடமாக ஹாலில் படுக்கிறாள், அங்கே காற்று நன்றாக வருகிறதாம். படுத்தவள் படுத்திருக்கலாமல்லவா? இரவெல்லாம் எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, கொசு" என்கிறாள். இதைச் சொன்னதற்கு டாக்டர் சிரிக்கவும் இல்லை. மூச்சு நிற்காமல் காற்றூதுகிற, மூக்கில் மாட்டும் ஒரு மிஷினைக் கொடுத்து, "ஒரு வாரம் வெச்சுப் பாருங்க மாமா" என்று பஸ் ஏற்றிவிட்டார். அது பையிலேயே கிடக்கிறது. இந்த ராத்திரியில் நாலு தடவை கண்ணசந்து எழுந்து உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிறேன். ஆகவே, வேண்டாம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
அங்கப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். கடிதத்தை மடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்குமுன் ஒரு தடவை பார்ப்போமென்று மிஷினை மாட்டினேன். கண் விழித்தபோது மணி எட்டே கால். பிரான்சிஸ் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். பழனாத்தாள் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி பூரா எண்ணவே வேண்டி வரலீங்க" என்றாள். என்னத்தை என்றேன். "உங்களுக்கு மூச்சு நிக்கறப்பெல்லாம் இருவது வரைக்கும் எண்ணுவனுங்க. அதுக்குள்ள வரலீன்னா வந்து தோளத் தட்டுவேன்" என்றாள். பதினொரு வருடம், மச்சான். நான் கொசு என்றே நம்பியிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு ஹாலில் படுத்தவள் மத்தியானம் ஒரு மணியாகியும் எழவில்லை. எனக்குப் பயம் வந்து ஹாலுக்குப் போய் நின்று எண்ணிப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் மூச்சு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். இது மத்தியான லோடில் வருகிறது. பதிலுக்குப் போன் பண்ண வேண்டாம், மணியடித்தால் அவள் எழுந்துவிடுவாள்.