துரைப்பாண்டியின் சகாரா வேண்டுதல்

ஐயன்மீர், அம்மணிகளே, இன்று நாம் பார்க்கப்போகும் ஜீவனுக்குப் பெயர் பாலைவன ஓட்டக்காரர். பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டார். பேசுவார். அவ்வளவுதான் ஆபத்து.

வீட்டில் மின்விசிறி ஓடும், குளிர்சாதனப் பெட்டி இருக்கும், மிளகு ரசம் வைத்துக் கொடுக்க மனைவி இருப்பார், சாய்ந்து உட்கார நாற்காலி இருக்கும். இத்தனையும் இருந்தும், கடல் தாண்டி ஒரு மணல்காட்டுக்குப் போய், சாப்பாடு, பாய், போர்வை, சட்டி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு, நாள்கணக்கில் வெயிலில் ஓடி, பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு திரும்பி வந்து, அதற்கு ஒரு பதக்கத்தையும் வாங்கி ஆணியில் மாட்டுகிறாரே, அவரேதான். போட்டி நடத்துகிறவர்கள் தண்ணீரும் ஒரு கூடாரமும் மட்டும்தான் தருவார்கள். வேறு ஒன்றும் தரமாட்டார்கள். இதற்கும் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நிற்கிறார்களாம். கேட்டீர்களா கதையை?

இவரை எப்படி அடையாளம் காண்பது? கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு உப்பை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தால், அவர்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டி வைத்திருந்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான். சுமை குறைகிறதாம். நல்ல சித்திரை மாதத்து மத்தியானத்தில், தெருநாய்கூட டிரான்ஸ்பார்மர் நிழலில் சுருண்டு கிடக்கும்போது, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திருவேங்கடம் ரோட்டில் ஓடுவார். வெயில் என்று சொல்லமாட்டார். கண்டிஷன் என்பார். உங்களுக்கு மூட்டுவலி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "வலிங்கிறது ஒரு தகவல்தான் அண்ணாச்சி" என்பார். எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, வாயில் பஞ்சோடு நான் உட்கார்ந்திருக்கையில், இதையே என்னிடம் சொன்னார். அந்தத் தகவல் எனக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்கு இப்போதைக்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார். உரக்கடை துரைப்பாண்டி. நல்ல மனிதர். விதை வாங்க வருகிறவர்களைக் காக்கவைத்து, கடைத் தராசில் தன்னுடைய காலுறைகளை நிறுத்துப் பார்ப்பார் என்பதைத் தவிர வேறு குறை சொல்லமுடியாது. சகாராவுக்குப் பேர் கொடுத்த நாளிலிருந்து கடையில் பூச்சிமருந்தைவிடப் பாலைவனம்தான் அதிகம் போனது. விதை வாங்க வந்த குருவிகுளத்துச் சம்சாரி ஒருவர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணியில்லாத ஊருக்கா அவ்வளவு தூரம் போறிய? நம்ம பக்கம் வந்தா ஆகாதா?" என்று விசாரித்தார். துரைப்பாண்டி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இந்த இனத்துக்கு எல்லாமே பாராட்டுதான்.

வினை வந்தது ஆடி மாதத்தில். எங்கள் ஊர் ஆடித்தபசு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடி ஏறிவிட்டால் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு ஆடிச்சுற்று என்று பேர். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்நோவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறவர்களும் உண்டு, அதற்கு மேல் போகிறவர்களும் உண்டு. ஆனால் சும்மா சுற்றுகிறவர் ஒருவரும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். வேலை, குழந்தை, வழக்கு, ஏதோ ஒன்று.

ரத வீதி நல்ல சமதரை, சாயங்காலம் போக்குவரத்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று கணக்குப் போட்ட நம்முடைய ஆள், முதுகுப்பையில் மண்புழு உரத்தை ரொப்பிக்கொண்டு, மணல் புகாமலிருக்கக் கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு கூட்டத்துக்குள் புகுந்து சுற்ற ஆரம்பித்தார். வியர்வை ஊற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, ஆள் நிற்பதாக இல்லை. பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வழிவிட்டார்கள். பானக்கம் கொடுத்தார்கள். ஒரு பாட்டையா அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்றாவது நாள் தெற்கு ரத வீதிச் சங்கரேஸ்வரி அக்கா அவரோடு சேர்ந்து நடந்தாள். ஊரில் எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறான் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அவள் வாய்க்குப் போனது ஊருக்குப் போனதாக அர்த்தம்.

"என்ன வேண்டுதல் தம்பி? முதுகுல இம்புட்டுச் சுமையோட சுத்துதிய?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாமலா? சொல்லக்கூடாத வேண்டுதலோ?"

இந்த இடத்தில் துரைப்பாண்டி, "சும்மா ஓடுதேன்க்கா, வெளிநாட்டுல ஒரு போட்டி" என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வார்த்தை? ஆனால் அம்மனின் கால்நோவைப் பங்கு வாங்குகிற அத்தனை பேருக்கு நடுவில், வயிற்றில் ஓசிப் பானக்கத்தை வைத்துக்கொண்டு, சும்மா என்று எந்த முகத்தோடு சொல்வது? கடையில் மணிக்கணக்காகச் சகாராவைப் பற்றி முழங்குகிற மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பிள்ளைக்கு நல்ல இடம் அமையணும்னுதான்க்கா" என்றார்.

அடுத்த சுற்று முடிவதற்குள் மேல ரத வீதி வரை தெரிந்துவிட்டது. சகாரா ஓட்டமும் அதே வேண்டுதலின் மிச்சம்தான் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

பிள்ளை என்றது அவர் ஒரே மகள் ஜெயசித்ராவை. கல்லூரியில் கடைசி வருஷம். அது முடிந்ததும் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சேரவேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கிற பெண். வேண்டுதல் செய்தி போன சூட்டோடு ஜாதகங்கள் வந்து குவிந்தன. கடைசியில் புளியங்குடி எலுமிச்சை மண்டி மாடசாமி வீட்டுச் சம்பந்தம் பொருந்தித் திகைந்தது. மாடசாமியும் பக்திமான். "அண்ணாச்சி வெளிநாட்டுல ஓடி வேண்டுதலை முடிச்சிட்டு வரட்டும். வந்ததும் பூ வச்சிருவோம், தையில கல்யாணம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சகாரா எந்த ஊர், அங்கே எந்த அம்மன் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வேண்டுதல் பெரிது என்பதால் தூரமும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெயசித்ரா அம்மாவிடம் போய் அழுதாள். "அப்பா ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிருக்காரும்மா."

"அம்மன் சன்னதியில நின்னு யாராவது வாய்க்கு வந்ததச் சொல்லுவாவளா?" என்றாள் அம்மா மாலா. "என்னங்க, நீங்களே சொல்லுங்க. வேண்டுனியளா, இல்லையா?"

துரைப்பாண்டி அப்போது அவசர அவசரமாக உப்பு மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மனுஷனுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் விமானம் ஏறிவிட்டார். பாலைவனம் அவருக்குச் சுலபம் பாருங்கள்.

சகாராவில் நடந்ததை எனக்கு அவரே சொன்னார், பலமுறை. ஒவ்வொரு முறையும் மணல்மேடு உயர்ந்துகொண்டே போகிறது, கொப்புளம் பெருத்துக்கொண்டே போகிறது. அதையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்கிறேன். எல்லோருக்கும் கடைசியில் ஓர் ஒட்டகம் வருமாம், நிதானமாக, ஆளோடு. அந்த ஒட்டகம் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் ஓட்டம் முடிந்தது. சட்டையில் குத்தியிருக்கிற போட்டி எண்ணைக் கழற்றிக்கொள்வார்கள், வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நம்முடைய ஆள் ஒவ்வொரு நாளும் அந்த ஒட்டகத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தார். அதுவே எங்கள் ஊருக்குப் பெருமைதான்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் முகாமில் செயற்கைக்கோள் தொலைபேசியில் ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசலாம் என்றார்கள். வரிசையில் நின்று வீட்டுக்குப் போட்டார். எடுத்தது ஜெயசித்ரா.

"அப்பா, கால் எப்படி இருக்கு?"

"கால் கெடக்கட்டும்ட்டி. நாளைக்கு முடிச்சிருவேன்."

ஒரு நிமிஷத்தில் பாதி போய்விட்டது.

"முடிக்காதீங்கப்பா" என்றாள். "நீங்க முடிச்சா வேண்டுதல் முடிஞ்சிரும். அவங்க பூ வைக்க வந்துருவாங்க. உங்களால வாயத் தொறந்து சொல்ல முடியலேல்ல, அந்த ஒட்டகத்தையாவது முன்னால விடுங்க."

லைன் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கொடியும் வளைவும் மேளச்சத்தமும் எட்டுகிற தூரத்தில், துரைப்பாண்டி மணலில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக அவர் ஏங்கிய கோடு. அதற்காகத்தான் கம்பளிச் சட்டை, அதற்காகத்தான் பாதி பிரஷ். காலணியைக் கழற்றி மணலைக் கொட்டினார். மறுபடி மாட்டவில்லை. அழுதாராம். இதை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார், ஆகவே நம்புகிறேன்.

ஒட்டகம் வந்தது. வந்து, பக்கத்திலேயே நின்றுவிட்டது. நல்ல பழக்கிய ஒட்டகம், உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்கிறது. கூட வந்தவர் கைதட்டி உற்சாகப்படுத்துகிறார், எழுந்திரு, இதோ கோடு என்று சாடை காட்டுகிறார். "நீங்க போங்கய்யா" என்று தமிழில் கெஞ்சினார் துரைப்பாண்டி. ஒட்டகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அது தாடையை அசைத்துக்கொண்டு நின்றது. உலகத்தில் தோற்பதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதன் வேறு யாரும் இருக்கமுடியாது. கடைசியில் பின்பக்கமாக நாலடி தவழ்ந்துபோய் ஒட்டகத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். எண்ணைக் கழற்றிக்கொண்டார்கள்.

ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் முன்கூட்டியே வைத்தாயிற்று: 'சகாராவை வென்ற சங்கரன்கோவில் சிங்கமே'. சேதி தெரிந்ததும் 'வென்ற' மேல் ஒரு தாளை ஒட்டி 'கண்ட' என்று மாற்றினார்கள். சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அவர் வந்து சேர்ந்த மறுநாள் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். நானும் போயிருந்தேன். சங்கரேஸ்வரி அக்கா வந்திருந்தாள். புளியங்குடியிலிருந்து மாடசாமியும் ஒரு பை எலுமிச்சையோடு வந்திருந்தார். மாலா காப்பி கொடுத்தாள். ஜெயசித்ரா கதவோரம் நின்றாள். ஒட்டகம் தாண்டிவிட்டதால் தப்பித்துவிட்டோம் என்றுதான் அவளும் அவள் அப்பாவும் நினைத்திருந்தார்கள்.

"வெசனப்படாதிய சம்மந்தி" என்றார் மாடசாமி. "நான் விசாரிச்சிட்டேன். அடுத்த மாசம் மதுரையில ஒரு ஓட்டம் நடக்காம், பத்தே கிலோமீட்டர். அதுல ஓடி முடிச்சிருங்க. அம்மனுக்குத் தூரமா முக்கியம்?"

"அதானே" என்றாள் அக்கா. "மிச்சச் சுத்த நான் வேணும்னாலும் சுத்திருதேன்."

துரைப்பாண்டிக்கு மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்தது. காப்பித் தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னால் என்ன செய்யமுடியும்? மகளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டுதல் கிடையாது" என்றார்.

"என்னது?"

"வேண்டுதலே கிடையாதுக்கா. சும்மாதான் ஓடுனேன். ஓடணும்னு ஆசை. அன்னைக்கு நீங்க கேட்டப்போ சொல்ல வெக்கமா இருந்துச்சு. பிள்ள படிக்கணும்ங்கா. அவ படிக்கட்டும்."

எல்லோரும் காப்பியைக் கீழே வைத்தார்கள். சங்கரேஸ்வரி அக்கா தாடையில் கைவைத்துக்கொண்டு, "சும்மாவா ஓடுனிய?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் விளங்கவில்லை. மாடசாமி எலுமிச்சைப் பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு ஜெயசித்ராவிடம், "படிக்கணுமாம்மா?" என்றார். "ஆமா மாமா" என்றாள் அவள். "அப்பப் படி" என்றார். துரைப்பாண்டியிடம் திரும்பினார்.

"இத அன்னைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாமே வே" என்றார். எலுமிச்சையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. பெரிய மனிதர்தான்.

துரைப்பாண்டி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் கடைக்குப் போனேன். குருவிகுளத்துச் சம்சாரியை உட்காரவைத்து, "மனசு சொல்லுங்கு, வாய் வரமாட்டேங்கு, ஆனா நான் விடல" என்று முந்தின நாள் உண்மையைச் சொன்னதையும் ஒரு பாலைவனமாக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே, பனிப்பிரதேசத்தில் நடக்கிற ஏதோ ஒரு ஓட்டத்தின் விளம்பரம் கிடந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு ஓட்டமும் வேண்டாம் ஆட்டமும் வேண்டாம், நான் பாட்டுக்குச் செவனேயென்று இருக்கிறேன் என்கிறீர்கள். சரி. நெற்றி வியர்வை நிலத்தில் விழ வீட்டுக்கு வண்ணம் பூசுவீர்கள், தனியாகப் பைக்கில் காஷ்மீர் வரை போய்வருவீர்கள், மூன்று வேளையும் சோற்றை விட்டுப் பத்துக் கிலோ குறைப்பீர்கள். வீட்டில் ஒரே ஒரு ஆளிடம் சொல்லவேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்க மாட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். அப்படியானால் இது உங்களைப் பற்றியதில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். இந்தப் புத்தகத்தை நீங்களாக வாங்கினீர்களா, அல்லது யாராவது சரியாக இந்தப் பக்கத்தை விரித்து, "இதக் கொஞ்சம் வாசிங்கப்பா" என்று கையில் கொடுத்துவிட்டு, இப்போது கதவோரம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?