ஸ்காட்லாந்தில் கார் தேவையில்லை

1986 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, இனி என் வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று காலையில் எங்கள் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டினேன். அங்கிருந்து யார் வீட்டுச் சீமந்தத்துக்கோ ஓட்டினேன். பிறகு மகள் அபயாவின் பாட்டு கிளாஸ். வீட்டுக்குள் வந்து ஒரு ஷூவைத்தான் கழற்றியிருப்பேன்.

"கொத்தமல்லி மறந்துட்டோம்" என்றாள் என் மனைவி ஷ்யாமளா.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேன். நான் போட்ட சத்தத்தில் பாதியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் டிரைவர். மற்ற நேரத்தில் மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட்.

திங்கட்கிழமை மானேஜர் கூப்பிட்டார். ஸ்காட்லாந்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை உண்டு. ஒரு வருஷம் போய் வர முடியுமா என்று கேட்டு, அந்த ஊரைப் பற்றிய வண்ணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். தொள்ளாயிரம் வருஷத்து ஊர். கல் பாவிய தெரு, மலை மேல் கோட்டை. ஆனால் வீட்டுக்கு வீடு ஹீட்டிங், வெந்நீர், டெலிபோன். கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன். எல்லாமே நடந்து போகும் தூரம்.

சாயங்காலம் ஷ்யாமளாவிடம் ஆரம்பித்தேன்.

"ராஜா காலத்து ஊர். ஆனா சகல வசதியும் இருக்கு."

"கறிவேப்பிலை கிடைக்குமா?"

"வெந்நீர் இருபத்துநாலு மணி நேரமும் வருமாம்."

"நான் கேட்டது கறிவேப்பிலை."

"ரயில்ல ஏறினா கிளாஸ்கோ. அங்க எல்லாம் கிடைக்கும்."

"ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?"

"நடந்து."

"அபயா ஸ்கூலுக்கு?"

"நடந்து."

"மழை பெஞ்சா?"

"குடை பிடிச்சுண்டு நடந்து."

புத்தகத்தை வாங்கி நிதானமாகப் புரட்டினாள். "அப்போ காரே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். வித்துடலாம்."

"ஒரு வருஷம்தானே, கார் இருக்கட்டும். நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்கோ."

சண்டைக்கென்று பதினோரு காரணம் தயார் செய்திருந்தேன். மூன்றோடு முடிந்துவிட்டது. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. மிச்சம் எட்டும் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். மறுநாளே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு வேலையே இல்லை. பக்கத்துத் தெரு பர்வதம் மாமி பத்து மணிக்குக் காரில் வந்து ஷ்யாமளாவை அழைத்துப் போவார். கேட்டால் ஸ்வெட்டர் பார்க்கப் போகிறோம் என்பார்கள். ஏழு சனிக்கிழமை பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரு ஸ்வெட்டரும் வரவில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பவன் ஸ்வெட்டரைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறான்?

தீபாவளி முடிந்து விமான டிக்கெட் வந்தது. கவரைப் பிரித்தால் ஒன்றே ஒன்று.

"இந்த ஆபீஸ்ல ஒரு காரியம் உருப்படியா நடக்காது. போனை எடு. அந்த செக்ரட்டரியை ஒரு பிடி பிடிக்கறேன்."

"அவளைத் திட்டாதீங்கோ. ஃபேமிலி வரலைன்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அபயாவுக்கு நடு வருஷத்துல ஸ்கூல் மாத்த வேண்டாம். எனக்கும் லைப்ரரியில வேலை கிடைச்சிருக்கு."

"லைப்ரரி அஞ்சு மைல். யார் டிராப் பண்ணுவா?"

கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினாள். அவளுடைய டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு சிரிப்பு இருக்காது. பெண்களின் ஓட்டுரிமையைப் புகழ்ந்து காலேஜ் மேடையில் பேசிக் கப் வாங்கியவன் நான். அது இந்த ஓட்டுரிமை என்று யாரும் சொல்லவில்லை.

"மாமியா சொல்லிக் கொடுத்தா?"

"ஆமாம். மாமி சத்தம் போட மாட்டா." அட்டையைக் கைப்பையில் திரும்ப வைத்தாள். "ஆறு வருஷமா உங்க முகத்தைப் பார்த்து, மூட் பார்த்து, அப்புறம்தான் வெளியில கிளம்பறேன். போதும்னு இருக்கு."

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "தனியா நான் எப்படிச் சமைச்சு, துவைச்சு…"

"சகல வசதியும் இருக்குன்னேளே."

"டாட், இட்ஸ் ஆல் வாக்கிங் டிஸ்டன்ஸ்" என்றாள் அபயா, ஹோம்வொர்க்கிலிருந்து தலை நிமிராமல்.

மறுநாள் மானேஜரிடம் போய், தனியாகப் போவது கஷ்டம் என்று இழுத்துப் பார்த்தேன். அவர் என் கையெழுத்தைக் காட்டினார். அழகான கையெழுத்து என்று பாராட்டவும் செய்தார்.

கிளம்பும் நாள். பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கம் போனேன். ஷ்யாமளா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் மூன்று லாரிகளை முந்தினாள். நான் இந்தப் பக்கம் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன்.

"அங்க பிரேக் இல்லை" என்றாள்.

நியூவர்க் ஏர்போர்ட் வாசலில் வண்டியை நிறுத்தினாள். "ஷ்யாமளா, ஒரு வருஷம் உன்னை விட்டுட்டு…" என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

"பின்னாடி போலீஸ்காரன் கையை ஆட்டறான். இங்க நிறுத்தக் கூடாதாம், சீக்கிரம் இறங்குங்கோ" என்றாள்.