சைவத் தீன் தின்ற சேவல்

கோழி வளர்க்கிறவருக்குப் பக்தி இருக்கலாம். கோழிக்கும் அது இருக்கவேண்டும் என்று நினைக்கக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இந்தப் பாடத்தைக் கோயில் கூட்டத்துக்கு நடுவில், கையில் ஒரு துண்டுப் பட்டோடு நின்று படித்தேன்.

செட்டிகுளத்துக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. முன்னுக்கு வயல், பின்வளவில் கோழிக்கூடு. அதற்குள் ஊர்க்கோழி, பண்ணையில் வாங்கிய சிவப்பு முட்டைக்கோழி, பொரித்துக் கொஞ்சநாளான குஞ்சுகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். நடுவில் ஒரு சேவல். செம்மஞ்சள் கழுத்து, பச்சை மினுங்கும் கறுப்பு வால். அது சாதாரண சேவல் இல்லை, முருகனுக்கு நேர்ந்த சேவல்.

என் வீட்டுக்காரர் வயல் வரம்பில் உழவுமிசினோடு சரிந்து காலை முறித்துக்கொண்டார். வவுனியா ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள், எலும்பும் பொருந்திவிட்டது. “இனிப் பொல்லு தேவையில்லை” என்று டொக்டர் சொல்லியும் மனுசன் பொல்லை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவேன் என்ற பயம். வயலில் ஆட்கள் வேலை செய்ய, இவர் ஒழுங்கையில் பொல்லை ஊன்றிக்கொண்டு பார்த்து நிற்பார். அந்த முகத்தை எனக்குத் தாங்க ஏலாது. “முருகா, இவர் பொல்லில்லாமல் நடந்தால் உனக்கு ஒரு சேவல் விடுகிறேன், ஒரு குறையும் இல்லாத சேவல்” என்று நேர்ந்தேன்.

பிறகு யோசித்தேன். நடக்கும்வரை ஏன் காத்திருக்கவேண்டும்? கந்தசஷ்டிக்கே சேவலைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் முருகனுக்கும் ஒரு கூச்சம் வரும்தானே. (எத்தனை வருசமாய் விரதம் பிடிக்கிறன்! இந்தளவுக்குக் கதைக்க எனக்கு உரிமை இருக்கு.)

சேவலைத் தேற்றுவதற்குக் கோழித்தீன் வாங்கப் போனேன். தீன்கடை முஸ்லிம் நானா இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, அதே சந்தியில் மறுபடி கடை திறந்தவர். பொறுமையான மனுசன்.

“நானா, எல்லாத்துக்கும் பொதுவா ஒரு தீன் தாங்கோ.”

“முட்டையிடுறதுக்கு வேற, குஞ்சுக்கு வேற அக்கா. முட்டைக்கோழித் தீனில சுண்ணாம்பு கூட. அது குஞ்சுக்கும் கூடாது, சேவலுக்கும் தேவையில்லை.”

நான் மூட்டையை மணந்து பார்த்தேன். “இதென்ன மணம்?”

“மீன்தூள்.”

“ஐயோ முருகா! சாமிக்கு நேர்ந்த சேவல் மச்சம் தின்னலாமோ? சைவத் தீன் இல்லையோ?”

நானா என்னைப் பார்த்தார். “அக்கா, கோழி புழு தின்னுது. அதுக்கு என்ன செய்யப்போறீங்க?”

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து, ஒரு புழுவும் அகப்படாதபடி கூட்டைச் சுற்றி வலை அடித்து, கதவைச் சாத்தினேன்.

ஒரே கூடு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே சாப்பாடு. குருணல், தவிடு, தேங்காய்ப்பூ, வெள்ளிக்கிழமைகளில் பொங்கல். ஆடியில் தொடங்கினேன். குஞ்சுகள் வளர மறந்தன, பேடுகள் முட்டையை மறந்தன. ஒரு சிவப்புப் பேடு வலைக்குள்ளால் தலையை நீட்டி, குசினிச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பைக் கொத்தித் தின்றது.

மகள் மதுரா கேட்டாள், “அம்மா, இது கோழிக்கூடோ, மடமோ?”

“நீ சும்மா இரு பிள்ளை. உன்னைவிட அதுகள் ஒழுங்கா விரதம் பிடிக்குதுகள்.”

பிறகு சேவலின் இறகுகள் விழத் தொடங்கின. இறகு மாற்றுகிறது, சஷ்டிக்குப் புது வால் வந்துவிடும் என்று நான் நம்பினேன். விழுந்தவற்றைப் பொறுக்கிச் சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். படத்துக்குப் பின்னால் வால் நீள நீள, கூட்டுக்குள் வால் குறைந்துகொண்டு போனது.

கோயிலுக்குப் போகும் காலையில் கூட்டைத் திறந்தேன். மிச்சமிருந்த கடைசி வால் இறகு அந்தச் சிவப்புப் பேட்டின் வாயில் இருந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே விழுங்கியது. மச்சம் விட்ட என் கோழிகள் இவ்வளவு நாளும் முருகனுடைய சேவலைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கின்றன!

முன்பக்கம் ராசா. பின்பக்கம் உரித்த கோழி.

“வேற சேவல் வாங்கிக் கொண்டுபோவம்” என்றார் வீட்டுக்காரர்.

“நேர்ந்ததை மாத்தேலாதப்பா.”

“குறையில்லாத சேவல் எண்டெல்லோ நீர் சொன்னனீர்?”

குறையோடு கொடுத்து, இவருடைய காலும் குறையாகவே நின்றுவிட்டால்? மகளின் பழைய பட்டுப்பாவாடையில் ஒரு துண்டு கிழித்து, சேவலின் இடுப்பில் வேட்டிபோலச் சுற்றிக் கட்டினேன். மதுரா சிரித்துச் சிரித்து முற்றத்தில் குந்திவிட்டாள்.

கோயிலில் சனம் நிரம்பி வழிந்தது. ஐயர் கையை நீட்டினார். “சேவலுக்கு என்னம்மா பட்டு?”

“மரியாதைக்குக் கட்டினது ஐயா.”

அந்த நேரம் பார்த்து மேளம் முழங்கியது. சேவல் ஒரே உதறல். பட்டு என் கையில், சேவல் வெளியில்! அந்த வெறும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஐயரின் தோளில் ஏறி, நாதஸ்வரக்காரரின் தலைக்கு மேலால் பறந்து, வடக்கு வீதியால் ஓடியது. “ஐயோ, உரிச்ச கோழி ஓடுது!” என்று ஒரு சின்னப்பிள்ளை கத்தியது. எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. கண்ணை மூடி, “முருகா, என்னைத் தண்டி, அவரின்ரை காலைத் தண்டியாதை” என்றேன்.

மதுரா என் தோளை உலுப்பினாள். “அம்மா! அப்பாவைப் பாருங்கோ!”

கண்ணைத் திறந்தேன். மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேவலுக்குப் பின்னால் ஓடுகிறார். நடக்கவில்லை, ஓடுகிறார்! தேர் நிற்கும் தேர்முட்டிக்குப் பக்கத்தில் பாய்ந்து பிடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். பொல்லு என் காலடியில் கிடந்தது.

“அரோகரா!” என்று நான் போட்ட சத்தத்தில் மேளமே ஒரு கணம் நின்றது. ஐயர் சேவலை வாங்கித் திருநீறு போட்டு, “இதுக்கு மேலை என்னம்மா குறை?” என்றார்.

அடுத்தநாள் நானாவின் கடைக்குப் போனேன். கதை எனக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. “மச்சம் குடுக்காட்டி ஒண்டை ஒண்டு தின்னும் அக்கா” என்றார் சிரிக்காமல். பாவம், சிரிப்பை அடக்கியதில் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

இப்போது என் கூட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே தீன்தான்: வளரும் கோழிக்கான தீன், மீன்தூளோடு. அந்தச் சிவப்புப் பேடு சுவரைக் கொத்தியதை நினைத்துப் பார்த்து, முல்லைத்தீவுச் சிப்பியை இடித்து ஒரு சிரட்டையில் புறம்பாக வைத்தேன். முட்டையிடுகிறவை தேடி வந்து தின்கின்றன, புதுச் சேவலும் குஞ்சும் திரும்பியும் பார்ப்பதில்லை. கூட்டுக் கதவு பகலெல்லாம் திறந்திருக்கும், புழு அவரவர் கெட்டித்தனம். கலந்து கோழி வளர்க்கிறவர்களை இப்போது நானாவே என்னிடம் அனுப்புகிறார். (பெருமைதான். ஏன் மறைக்கவேண்டும்?) கோயில் சேவலுக்கும் வால் முளைத்துவிட்டது. அதைப் பார்க்க, வயலில் வேலை முடிந்த பின்னேரங்களில் இவர் நடந்தே போய்வருவார்.

வீட்டில் மட்டும் எனக்கு மன்னிப்பில்லை. இவருடைய தலை வழுக்கையாகிக்கொண்டு வருகிறது. போன வெள்ளிக்கிழமை நான் மரக்கறிச் சாப்பாடு போட, மதுரா கேட்டாள், “அப்பா, தலையை ஆர் கொத்தினது?”

அவர் என்னைப் பார்த்துவிட்டு, பின்வளவைக் காட்டினார்.

“பொல்லு வேணுமெண்டால் அங்கை போய் எடு பிள்ளை, கொம்மாவுக்கு அடிக்க.”

எடுக்க முடியாது. அந்தப் பொல்லைக் கூட்டுக்குள் குறுக்கே கட்டிவிட்டேன். இரவில் அதில்தான் என் கோழிகள் வரிசையாக இருந்து நித்திரை கொள்கின்றன, முழு வாலோடு.