எல்லைக்காரரின் சிவப்பு மசி

எல்லைக்காரர் என்றொரு இனம் உண்டு. துப்பாக்கி ஏந்தி நாட்டின் விளிம்பில் நிற்பவரைச் சொல்லவில்லை. நாட்டை மாநிலமாகவும், மாநிலத்தை மாவட்டமாகவும், மாவட்டத்தை வட்டமாகவும் யாரோ புண்ணியவான்கள் துண்டு போட்டு வைத்தார்களே, அதில் ஒரு துண்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவரின் முகத்தைப் பாராமல் முகவரியை மட்டும் பார்த்து, "இது நம்ம மாவட்டம் இல்லையேம்மா" என்று தேனாகச் சொல்லி அனுப்புகிறாரே, அவர். கோபிக்க மாட்டார். கைநீட்ட மாட்டார். அனுப்பி வைப்பார், அவ்வளவுதான்.

நம் எல்லைக்காரர் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். "குழாய் ஒழுகுதுங்க" என்று மனைவி சொன்னால், "சமையலறையா, குளியலறையா?" என்பார். சமையலறை மனைவியின் மாவட்டமாயிற்றே!

"அப்ப டீயும் என் மாவட்டம்தான். இன்னிக்கு அங்க ஊரடங்கு" என்பார் அந்த அம்மாள்.

அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் பழைய மாவட்ட வரைபடம் ஒன்று தொங்குகிறது. அதன் எல்லைக்கோடு வெளுத்துவிடக் கூடாதே என்று, இருபத்திரண்டு ஆண்டுகளாக, ஆண்டின் முதல் வேலைநாளில் நாற்காலிமேல் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிவப்பு மசியால் புதுப்பித்து வருகிறார். விரல்நுனிச் சிவப்பு ஒரு வாரம் போகாது. கழுவவும் மாட்டார்.

அந்த வரைபடத்தின் முன்னால் ஒரு புதன்கிழமை ஒரு பெண்மணி மூன்றாம் முறையாக வந்து நின்றார். கணவர் பள்ளிக்கூடக் காவலாளி. ஆற்றுப்பாலத்தில் நடந்து போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் அவருடைய வேலை மகளுக்குக் கிடைக்கும்.

"பாலம் அக்கரை மாவட்டம்மா. அங்க போங்க."

"அங்கயும் உங்கள மாதிரியே ஒருத்தர் இருக்கார் சார். பாலம் உங்களதுங்கறார்."

"அவர் கிடக்கார். கோடு இக்கரையிலேயே தொடங்கிடுது, நீங்களே பாருங்க."

பெண்மணி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாலத்தையே காணோமே சார்."

எல்லைக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வரைபடத்தருகே போனார். சிரிப்பு பாதியில் நின்றது. ஆண்டுக்கு ஒரு மயிரிழையாகத் தடித்து வந்த கோடு, பாலத்தையும் அடியில் ஓடிய ஆற்றையும் ஒரு பேருந்து நிறுத்தத்தையும் ஓசைப்படாமல் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

"கோட்டுக்குள்ள செத்தவர யார் சார் எழுதிக்குவாங்க?"

எல்லைக்காரர் முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பென்சில் சீவும் பிளேடை எடுத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். சுரண்டச் சுரண்டச் சிவப்புத் தூள் வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது. அடியில் அச்சடித்த மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. அது பாலத்துக்கும் அப்பால், அக்கரையில் ஓடியது. பாலம் முழுக்க இந்த மாவட்டம்!

அப்படியானால் இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரை... அந்தக் கணக்குக்குள் நாம் போக வேண்டாம். அவரும் போகவில்லை.

மதியத்துக்குள் சான்றிதழ் தயார். பெண்மணி பெயரை விரலால் தடவிப் படித்தார்.

"அக்கரைல காத்து ஜாஸ்தி, இருமல் வரும்னு எப்பவும் நடுப்பாலத்துலயே திரும்பிடுவார் சார். அன்னிக்கும் இந்தப் பக்கமாத்தான் திரும்பி உக்காந்திருந்தாராம்."

எல்லைக்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றார்.

அன்று மாலை யாரும் சொல்லாமலே சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மனைவி வாசற்படியில் நின்று, "என்னங்க, படையெடுப்பா?" என்றார்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறு ஆண்டும் நாற்காலிமேல் ஏறினார். பேனாமுனை மட்டும் கொஞ்சம் மெல்லியது.

சிரிக்கிறீர்கள், நல்லது. போன வாரம் மாடிப்படி விளக்கு எரியாதபோது, அது யார் வீட்டு வாசலுக்கு நேராக இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு, இருட்டிலேயே தடவித் தடவி ஏறிப் போனது யார்? எதற்கும் உங்கள் விரல்நுனியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.