வழுக்காணிச் சான்று

மீன் தண்ணீரில் வாழும் பிராணி என்பது சர்க்காருக்கு முன்பே தெரியும். அது மனுஷனின் சாதியைக் காட்டிக்கொடுக்கும் என்பது எண்பத்தேழாம் வருஷம்தான் தெரியவந்தது.

இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நடந்த வருஷம் அது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் நாளுக்கொரு மறியல். எந்தச் சாதிக்கு எவ்வளவு என்று ஊரே தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தபோது, 'முதற்கண் யார் எவர் என்பதை விஞ்ஞான ரீதியில் கண்டறிக' என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் முளைத்ததுதான் 'மெய்யினம் காணும் தனிப்பிரிவு'. அதன் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிப் பிழைத்தவன் நான். ரைட்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

தனி அலுவலர் தங்கதுரை நிறையப் படித்தவர். வினையே அதுதான். வெள்ளைக்காரன் ஒருத்தன் எப்போதோ எழுதிய புத்தகத்தில், கல்வராயன் மலை ஜனங்கள் குறவை மீனை 'வழுக்காணி' என்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. போதாதா? கோமுகி அணையிலிருந்து உயிரோடு ஒரு குறவை வந்தது. அலுமினியச் சட்டியில் நீந்தவிட்டு, தளவாடப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பார்த்ததும் வழுக்காணி என்பவர் மலைவாசி. மற்றவர் ஐயத்துக்குரியவர். இந்த ரகசிய உத்தரவுக்கு நகல் எழுதிக் கொடுத்தவனும் நானே.

முதல் நாளே சின்னராசு என்கிற மலைக்காரர் தன் மகள் சாலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மாசக் கடைசிக்குள் சாதிச் சான்று காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"இது என்ன?" என்றார் தங்கதுரை.

"கொரவைங்க ஐயா," என்றாள் சாலம்மாள்.

"நன்றாகப் பார்த்துச் சொல்."

"கொரவைதாங்க. மெலிஞ்சிகினு இருக்குது. எதுனா போடுறீங்களா அதுக்கு?"

சின்னராசு குறுக்கே வந்தார். "எங்க மலை பூரா இப்டிதாங்க சொல்லுது."

"அப்படியானால் மலை பூராவும் ஐயத்துக்குரியது," என்று தங்கதுரை குறித்துக்கொண்டார்.

ரகசியம் என்றால் நம்ம ஊரில் இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து கீழ்நாட்டு ஆட்கள் மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். மலையை பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்காதவர்கள். எல்லார் வாயிலும் வழுக்காணி! சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது.

மூன்றாம் வாரம் மீன் செத்துப்போனது. வெறும் சட்டிதான் மேஜைமேல். அன்றைக்குப் பெரியநாயகி என்றொரு பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சட்டிப் பக்கம் திரும்பாமலே "வழுக்காணி" என்றாள். "அடடா! மீன் இல்லாமலே சொல்கிறாளே, இது ரத்தத்தில் ஊறினது!" என்று தங்கதுரை எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

கடைசி நாளன்று சின்னராசு மகளோடு திரும்ப வந்தார். எனக்கே பாவமாகப் போய், வார்த்தையைச் சாலம்மாள் காதில் போட்டேன்.

"எங்க பாட்டன்கூட இப்டி சொன்னதில்லியே," என்றார் சின்னராசு.

"உங்க பாஷைதான்யா. நல்லா நெட்டுரு போடச் சொல்லு."

புது மீன் வந்திருந்தது. சாலம்மாள் நிமிர்ந்து நின்று, "வழுக்காணிங்க ஐயா," என்றாள்.

தங்கதுரை புது உத்தரவை எடுத்து நீட்டினார். "மலையில் வீடு வீடாக விசாரித்தாயிற்று. இந்தச் சொல் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஆகவே இதைச் சொல்பவர் போலி."

"போன தபா கொரவைன்னுதானேங்க சொன்னேன்?"

"அப்போது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இப்போது தெரிந்திருக்கக் கூடாது, தெரிகிறது. இரண்டிலும் தவறியது நீ ஒருத்திதான். உன் விஷயத்தில் ஐயமே இல்லை."

"அப்ப முன்னாடி வாங்கிக்கினு போனாங்களே, அவங்க?" என்றார் சின்னராசு.

"அவர்கள் அமலில் இருந்த உத்தரவுப்படி மலைவாசி ஆனவர்கள். சர்க்கார் கொடுத்ததைச் சர்க்காரே பிடுங்கலாமா?" தங்கதுரை சாலம்மாளைப் பார்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தது?"

கதவு திறந்துதான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "யாருமில்லீங்க," என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுவாரம் மேல்முறையீடு எழுதச் சொல்லி இரண்டு பேரும் வந்தார்கள். 'சமூகம் கருணைகூர்ந்து' என்று ஆரம்பித்து ரொம்ப உருக்கமாக எழுதினேன். சின்னராசு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் சீட்டு யாருக்குப் போச்சின்னு தெரியுமாங்க ரைட்டரே?" என்று கேட்டாள் சாலம்மாள்.

"அதெல்லாம் ரகசியம்மா," என்றேன்.

பெரியநாயகி என் மகள்தான். அங்கே நர்ஸ் ஹாஸ்டலில் வாரம் ஒரு நாள் மீன் குழம்பாம், சாப்பிடவே முடியவில்லை என்று கடுதாசி போட்டிருக்கிறாள்.